ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க

போன வாரம் இராஜகுமாரியை அடுப்படியில், காதில் போனோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அவளுக்கு நிற்பது பழக்கம். மலையில் நின்றபடி தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள், தராசடியில் நின்றபடி காத்திருக்கிறாள், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழும்வரை நின்றபடியே பரிமாறுகிறாள். அந்த வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து மகன் வந்தால் மகனுக்கு, மற்ற நாளில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்தால் தலைவருக்கு. இராஜகுமாரி அதைத் துடைத்து வைப்பதோடு சரி.

போனில் பேசியவர் பல்கலைக்கழகத்து ஜீவராணி மிஸ். மாணவர் உதவி நிலையத்துக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அம்மா, ஆர்த்திகா இந்தப் பருவத்துக்கு இன்னும் பதியேல்லை. திங்கக்கிழமையோட பதிவு முடியுது. சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கட ஒபிசுக்கு ஒருக்கா வாங்கோ. வீட்டு ஆக்கள் ஆர் வந்தாலும் நல்லது."

அவ்வளவுதான் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இராஜகுமாரியின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். ஆபீஸ்.

நோர்வூட் பக்கம் இருக்கும் செண்பகமலைத் தோட்டத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டு யாருக்கும் மாலை போட்டதில்லை. கொழுந்து குறைந்தால் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். கங்காணியிடம் வாய் நீண்டால் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டே நிறுத்துவதென்றாலும் முதலில் ஆபீசுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

"என்னாங்க, பாப்பாவுக்குப் பத்துச்சீட்டு குடுக்கப் போறாங்க போல."

தேயிலை ஃபேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் தம்பிஐயா சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்றார். "அவதான் போகமாட்டேன்னு ஒக்காந்திருக்காளே. அப்புறம் என்னாத்துக்குச் சீட்டு?"

"தானா நிக்கிறது வேற, அவுங்க நிப்பாட்டுறது வேறங்க."

தம்பிஐயா கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்தால் முடிவு ஒன்றுதான் வரும். "தலைவரக் கூட்டிக்கிட்டுப் போ. ஆபீசுக்கெல்லாம் நாம தனியாப் போயிப் பழக்கமில்ல."

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்த்திகா இவர்களுடைய மகள். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். முதல் வருடம் நல்ல பிள்ளையாகத் தேறினாள். இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் தவறி, இன்னொன்று தட்டுத்தடுமாறி, விடுமுறைக்கு வந்தவள் பையைப் பிரிக்காமலே சொல்லிவிட்டாள், இனிப் போகமாட்டேன் என்று. ஏன் என்று கேட்டால், "படிப்பு ஏறலம்மா" என்கிற ஒரே பல்லவி. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் அண்ணன் ஜெயதீபன், தன் கடையிலேயே அவளுக்கும் ஓர் இடம் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஆக, சனிக்கிழமை ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை அண்ணன். திங்கட்கிழமையோடு கதவு சாத்தப்படும். நடுவில் இருப்பது இந்த ஒரு நாள்தான்.

*

தலைவர் சோலைமலை சனிக்கிழமை விடியும்போதே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் தோல்பை. தோல்பைக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது இல்லாமல் அவர் எந்த ஆபீசுக்கும் போனதில்லை.

"தலைவர் மாமா எதுக்கும்மா?" என்றாள் ஆர்த்திகா. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது கேம்பஸ். அங்க போயி மாமா என்னா பேசுவாங்க?"

"வரட்டும் புள்ள. ஒரு தெம்புக்கு."

ஆர்த்திகா தலையைப் பின்னத் தொடங்கினாள். அவளுக்கும் அந்த ஆபீஸ் என்றால் பயம்தான். இரண்டு வருடமாக அந்தக் கதவுக்கு முன்னால் போய்வந்திருக்கிறாள். 'உதவி தேவைப்படும் மாணவர்கள் வரலாம்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கும். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. தோட்டத்துப் பிள்ளை அல்லவா? அம்மாவின் பயம் அவளுக்கும் கொஞ்சம் வந்திருந்தது.

ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது சோலைமலை பேச்சைத் தொடங்கினார்.

"பாப்பா, ஒம்மேல என்னா குத்தம் சொல்லுவாங்க?"

"குத்தமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. ஒரு பாடம் பெயில்."

"அது குத்தமில்ல. கொழுந்து இல்லாத காலத்துல எடை கொறையத்தான் செய்யும். எதுனால கொறஞ்சுச்சுன்னு கேக்கணும். இங்கிலீசுல பாடம் நடத்துனாங்களா?"

"ஆமா."

"தனியாச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"நான் கேக்கல மாமா."

"நாம கேக்கலைங்கிறத வெளிய சொல்லப்படாது." அவர் விரலை மடக்கி ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொண்டார். நாவலப்பிட்டி வருவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டன. கம்பளையில் அடுத்த கையை எடுத்தார்.

இராஜகுமாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருந்தாள். அவள் கண் மகள் மேல்தான் இருந்தது. தோளில் சாய்ந்து, பஸ்ஸின் இரைச்சலையும் நடத்துநரின் கத்தலையும் பாட்டுச் சத்தத்தையும் கொஞ்சமும் பொருட்படுத்தாமல், ஆர்த்திகா வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

*

மாணவர் உதவி நிலையம் பெரிய கட்டடம் ஒன்றின் கீழ்மாடியில் இருந்தது. வாசலில் இராஜகுமாரி செருப்பைக் கழற்றினாள். சோலைமலையும் கழற்றினார். அவர்களைப் பார்த்து ஆர்த்திகா ஒரு கணம் தயங்கினாள், பிறகு தானும் கழற்றினாள். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது.

ஜீவராணி மிஸ் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி, பருத்திச் சேலை. "வாங்கோ அம்மா. வாங்கோ ஐயா. கதிரையில இருங்கோ. தூரப் பயணம், களைச்சுப் போயிருப்பியள்."

மூன்று நாற்காலி போட்டிருந்தது. ஆர்த்திகா ஒன்றின் நுனியில் உட்கார்ந்தாள். இராஜகுமாரி கதவோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சோலைமலை மேசைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்ங்க. நான் செண்பகமலைத் தோட்டத் தலைவரு. இந்தப் புள்ள சார்பா வந்திருக்கேன். விசாரணைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எங்க பக்கத்து நியாயத்தச் சொல்லிப்புடுறேன்."

"விசாரணையோ?"

"மொதல் விஷயம். இந்தப் புள்ளைக்கு இங்கிலீசு தனியாச் சொல்லிக் குடுக்க ஏற்பாடு பண்ணணும்."

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அது இருக்குது ஐயா. பின்னேரத்தில ஒவ்வொரு நாளும் வகுப்பு வச்சிருக்கிறம்."

சோலைமலை ஒரு விரலை விரித்தார். கொஞ்சம் தடுமாறினாலும் விடவில்லை. "ரெண்டாவது, பெயிலான பாடத்த மறுபடி எழுத விடணும்."

"எழுதலாம். மூத்த பிள்ளையள் கூட இருந்து சொல்லிக் குடுப்பினம்."

"சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுற புள்ளைங்களுக்கு..."

"அதுக்கும் உதவி இருக்குது."

"வீட்டுலேருந்து பெத்தவங்க போன் பண்ணுனா, சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் பேசாம, தமிழ்ல பதில் சொல்ல ஆளு வேணும்."

"நான்தான் அந்த ஆள் ஐயா. அண்டைக்கு போனில அம்மாவோட கதைச்சது நான்தானே?"

சோலைமலை தோல்பையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். இருபது வருடமாகத் தலைவராக இருக்கிறார். மேசையைத் தட்டியிருக்கிறார், வெளிநடப்புச் செய்திருக்கிறார், துரைமாரோடு மாலை வரை மல்லுக்கட்டி ஒரு குழாய்த் தண்ணீரை வாங்கியிருக்கிறார். கேட்டதை எல்லாம் கேட்ட மாத்திரத்தில் இருக்கிறது என்று சொல்கிற ஆபீசை அவர் கண்டதில்லை. விரிக்க வேண்டிய விரல்களில் பாதி இன்னும் மடங்கியே இருந்தன.

"எல்லாம் இருக்குன்னா நான் என்னாத்தங்க பேசுறது?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"முதல்ல இருங்கோ ஐயா," என்றார் மிஸ். இந்த முறை அவர் உட்கார்ந்துவிட்டார்.

மிஸ் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "இது விசாரணை இல்லை. ஆரும் ஆர்த்திகாவை நிப்பாட்டேல்லை. மலையகத்துப் பிள்ளையள் வருஷா வருஷம் வருகினம். கஷ்டம் வந்தா ஒரு சொல்லும் சொல்லாமல் போயிடுகினம். அதுதான் வீட்டு ஆக்களையும் கூப்பிட்டுக் கதைப்பம் எண்டு இந்த நிலையம் தொடங்கினது. இதெல்லாம் இஞ்ச இருக்குது எண்டு ஆர்த்திகாவுக்கும் தெரியும். ஏன் பிள்ளை வரேல்லை?"

ஆர்த்திகா மடியைப் பார்த்தாள். "படிப்பு ஏறல மிஸ்."

"உம்மட அறையில இருக்கிற பிரியந்தி வந்து என்னட்ட வேற மாதிரிச் சொன்னவ. இரவிரவா லைட்டைப் போட்டுக்கொண்டு படிக்கிறா, தன்னை விடக் கஷ்டப்பட்டுப் படிக்கிறா எண்டு."

சோலைமலை விரல்களைப் பார்த்தார், மிஸ் ஆர்த்திகாவைப் பார்த்தார். பின் மிஸ்ஸின் பார்வை கதவோரம் போயிற்று.

"அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லையே. நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

இராஜகுமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்கதோஷத்தில் தலைவரைப் பார்த்தாள். அவர் கையில் இப்போது ஒன்றும் இல்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அவளுக்குப் பதிவும் தெரியாது, பருவமும் தெரியாது. ஆனால் பஸ் ஏறியதிலிருந்து, ஏன், மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் புள்ள இங்கன தூங்குதாங்களா?"

மிஸ் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தார்.

"இல்லீங்க, வீட்டுக்கு வந்ததுலேருந்து தூங்கிக்கிட்டே இருக்குது. சீக்குத் தூக்கம் இல்ல. பசிச்சவுங்க சாப்புடுற மாதிரி தூங்குது. பக்கத்து வீட்டுல சண்ட போட்டாலும் எந்திரிக்கல. பஸ்லயும் தூங்குச்சு. அதான் கேக்குறேன். தூங்காம எப்புடிங்க படிப்பு ஏறும்?"

ஆர்த்திகா அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. அம்மா ஓடிவந்து தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். ஓடிவந்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

"சொன்னா சிரிப்பீங்க," என்றாள் ஆர்த்திகா.

"சொல்லும் பிள்ளை. நாங்கள் ஒருத்தரும் சிரிக்கமாட்டம்."

"அறை அமைதியா இருக்கு மிஸ்."

லயத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போவதில்லை. மேலே இடைவெளி. இந்தப் பக்கம் அழகுமுத்து இருமினால் அந்தப் பக்கம் மீனம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். ஒரு வீட்டுக் குழந்தை அழுதால் எல்லா வீட்டிலும் தாலாட்டு. ஆர்த்திகா பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்தான் கண்மூடியிருக்கிறாள். முதல் வருடம் விடுதியில் பெரிய கூடத்தில் படுக்கை. அங்கே ஒருத்தி உளறுவாள், ஒருத்தி போனில் பேசுவாள், ஒருத்தி குறட்டை. இவள் நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டாம் வருடம் இரண்டு பேர் அறை கிடைத்தது. கெட்டிச் சுவர், கதவு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் தூங்கும் பிரியந்தி. வார இறுதியில் பிரியந்தியும் ஊருக்குப் போய்விடுவாள்.

"ஒலகத்துல யாருமே இல்லாத மாதிரி இருக்கும். லைட்டப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். புஸ்தகத்தத் தொறந்து வச்சிருப்பேன், ஒண்ணும் ஏறாது. காலைல கிளாஸ்ல தூக்கம் வரும். எல்லாரும் நல்ல அறை கெடைச்சிருக்கு, குடுத்து வச்சவன்னு சொல்றாங்க. அத வேணாம்னு எப்புடி மிஸ் வந்து கேக்குறது?"

யாரும் சிரிக்கவில்லை. ஜீவராணி மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் முதல் வேலைக்கு ஊரை விட்டு வந்த புதிசில, நாய் குலைக்கிறது கேக்காமல் எனக்கு நித்திரை வராது பிள்ளை. ஆரிட்டையும் சொல்லேல்லை. இண்டைக்குத்தான் சொல்லுறன்." அவர் போனை எடுத்து விடுதிப் பொறுப்பாளரிடம் சிங்களத்தில் ஏதோ பேசினார். வைத்துவிட்டுச் சொன்னார். "பழைய விடுதியில சமையல்கட்டுக்குப் பக்கத்தில ஒரு பெரிய அறை கிடக்கு. எட்டுக் கட்டில். ஆரும் விரும்பிக் கேக்கிறேல்லை. விடியமுன்னமே சட்டி பானை உருளத் தொடங்கிடும்."

ஆர்த்திகா மூக்கை உறிஞ்சினாள். "சத்தமா இருக்குமா மிஸ்?"

"தாங்கேலாது பிள்ளை."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. இராஜகுமாரிக்கும் வந்தது. சோலைமலை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது.

"அந்தச் சத்தமான ரூம எழுத்துல குடுத்துருங்க மிஸ். நாளைக்கு மாத்திப் பேசப்படாது."

*

திரும்பும் பஸ்ஸில் சோலைமலை, "கேக்குறதுக்கு முன்னாடியே குடுக்குறாங்களே," என்று தனக்குத்தானே சொல்லித் தலையை ஆட்டினார். இராஜகுமாரி வெளியே பார்த்தபடி வந்தாள். கிளம்பும்போது மிஸ் அவளிடம் ஒன்று கேட்டிருந்தார். அடுத்த மாதம் புதிதாகச் சேரும் மலையகப் பிள்ளைகளின் குடும்பங்களைக் கூப்பிடுகிறோம், நீங்கள் வந்து நாலு வார்த்தை பேசுவீர்களா என்று. நானா, என்று அவள் கேட்கவில்லை. வர்றேன்ங்க என்று சொல்லிவிட்டாள்.

"அம்மா, திங்கக்கெழம நான் போறேன்," என்றாள் ஆர்த்திகா.

"போ புள்ள."

"அண்ணன்?"

இராஜகுமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அந்த வீட்டுக் கூரையை மாற்றியது ஜெயதீபன். அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்கு அலைந்தவனும் அவன்தான். நல்ல பிள்ளை. அதனாலேயே அவன் பேச்சுக்கு அவள் இதுவரை மறுபேச்சுப் பேசியதில்லை. நாளைக்குத்தானே வருகிறான், அதற்குள் என்ன சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த அவகாசம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நோர்வூட்டில் இறங்கி, மலைப்பாதை ஏறி, இருட்டுவதற்கு முன் லயத்துக்கு வந்தபோது வாசலில் ஜெயதீபனின் சப்பாத்து கிடந்தது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். உள்ளே அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். பக்கத்தில் சக்கரம் வைத்த புதுப் பை ஒன்று. தங்கையின் உடுப்புகள் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. தம்பிஐயா சுவரோரம் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையில சொல்லியாச்சும்மா. விடிஞ்சதும் மொத பஸ்," என்றவன், பின்னால் வந்த சோலைமலையைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நாற்காலியைத் தள்ளினான். "வாங்க தலைவரே, உக்காருங்க."

சோலைமலை வழக்கம்போல வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அதற்குள் இராஜகுமாரி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மீனம்மாவின் வீட்டில் ரேடியோவைக் குறைக்கும் சத்தம் கேட்டது. தோல்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி சோலைமலை மெல்லக் கேட்டார், "தாயி, நான் பேசட்டுமா?"

"வேணாம்ங்க. நீங்க டீத்தண்ணி குடிங்க." அவள் மகனைப் பார்த்தாள். "தம்பி, நீ இப்புடி எதுக்க வந்து ஒக்காரு. தங்கச்சி கொழும்புக்கு வரல."

ஜெயதீபன் உட்காரவில்லை. பையின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்பாவை ஒருமுறை பார்த்தான். தம்பிஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, நீங்க பேசறதுக்கு முன்னாடி நானும் அப்பாவும் ஒங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கேக்குறேன்," என்றாள் இராஜகுமாரி. நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. "மொதல்ல நான்."

இந்த முறை இராஜகுமாரியை உட்கார வைத்துவிட்டுப் போகிறோம்; மகன் சொல்ல வந்தது என்ன என்பது அடுத்த வாரம்.